பூச்சி மாத்திரை கொடுத்தாச்சா, பிறகு என்ன செய்யணும்?

பிப்ரவரி, ஆகஸ்ட் மாசத்துல அங்கன்வாடியிலயும் ஸ்கூல்லயும் 1 வயசுல இருந்து 19 வயசு வரை உள்ள பிள்ளைங்களுக்கு அல்பெண்டசோல்ங்கற பூச்சி மாத்திரைய இலவசமாவே கொடுக்குதாங்க, அத தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிராதீங்க. 1 வயசு முடிஞ்சு 2 ஆகாத பிள்ளைக்கு அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம், 2 தாண்டிட்டா முழுசா 400. சின்ன பிள்ளைக்கு அப்படியே வாயில போட்டுராதீங்க, தொண்டையில அடைச்சிரும், ரெண்டு ஸ்பூனுக்கு இடையில வச்சு பொடிச்சு தண்ணில கலக்கி கொடுங்க, பெரிய பிள்ளைங்க கடிச்சு மென்னு திங்கணும். காய்ச்சல் இருந்தா சுகமான பிறகு கொடுத்துக்கலாம், வலிப்பு உள்ள பிள்ளைன்னா, இல்ல கர்ப்பமா இருக்கீங்கன்னா டாக்டர்ட்ட கேட்டுட்டுதான்.

மாத்திரை என்ன செய்யும்னா, புழுவோட செல்லுல உள்ள டியூபுலின்ங்கற புரதத்துல போய் ஒட்டிக்கிடும், அதோட புழுவால குளுக்கோஸ உறிஞ்ச முடியாது, சேத்து வச்ச சத்தும் தீந்து சில நாள்ல செத்துரும். நம்ம பிள்ளைக்க செல்லுல அது அவ்வளவா ஒட்டாது, ரத்தத்துல கலக்கறதும் கொஞ்சம்தான். செத்த புழு பெரும்பாலும் கரைஞ்சு மலத்தோட போயிரும், கண்ணுல படலன்னு மறுபடி ஒரு மாத்திரை கொடுக்காதீங்க, விளக்கெண்ணெய் கொடுத்து பேதி ஆக்கவும் வேண்டாம். புழு நிறைய இருந்தா வயித்து வலி, ஓங்கரிப்பு கொஞ்ச நேரம் வரும், தானா சரியாயிரும்.

ராத்திரி ஆசனவாயில அரிப்புன்னா அது கீரிப்பூச்சி, அதோட முட்டை மாத்திரைக்கு சாவாது, அதனால டாக்டர்ட்ட கேட்டு வீட்ல எல்லாரும் ஒரே நாள் போட்டு 2 வாரம் கழிச்சு இன்னொரு தடவை போடணும், நகத்த ஒட்ட வெட்டி பெட்ஷீட்ட வெந்நீர்ல அலசணும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எனக்கு ரொம்ப கவலை கொக்கிப்புழுதான், குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டம் எல்லாம் நிழலும் ஈரமுமா கிடக்கு, ரெண்டு பருவமழையும் பெய்யுது, வெளிய மலம் கழிச்ச மண்ணுல இந்த புழுவோட குஞ்சு வாரக்கணக்குல உயிரோட இருக்கும், வெறுங்கால்ல மிதிச்சா தோல் வழியா உள்ள ஏறி ரத்தத்துல நுரையீரலுக்கு போய் அங்கேருந்து தொண்டைக்கு வந்து குடல்ல இறங்கி ரத்தத்த உறிஞ்சிட்டு கிடக்கும். இன்னைக்கு மாத்திரை போட்டு கொன்னாலும் நாளைக்கு வெறுங்கால்ல போனா புதுசா ஏறும், மாத்திரை அத தடுக்காது, அதனால ரப்பர் பால் வெட்ட போறவங்களும் கூட போற பிள்ளைங்களும் செருப்பு இல்ல பூட்ஸ் போடாம இறங்காதீங்க, கக்கூஸ் தவிர வேற எங்கயும் பிள்ளைய உக்கார வைக்காதீங்க.

கண்ணுக்குள்ள இமை வெளுத்திருந்தா, பிள்ளை மண்ணு தின்னா, படி ஏறினாலே இளைச்சா மாத்திரையோட நிறுத்தாம ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தசோகை இருக்கான்னு ரத்தத்துல ஹீமோகுளோபின் பாருங்க, குறைஞ்சிருந்தா இரும்புச்சத்து மாத்திரையும் தருவாங்க, அத டாக்டர் சொன்ன நாள் வரை விடாம கொடுக்கணும்.