ரோமில் சாதாரண பீட்சா கடையில் சைவமாகச் சாப்பிடுவது எப்படி?

ரோமுக்குப் போனால் ரொட்டியும் பழமும்தான் கதி என்று பயப்படவே வேண்டாம். டெஸ்டாச்சோ, டிராஸ்டேவெரே போன்ற பகுதிகளில் உள்ளூர்க் குடும்பங்கள் போகும் கடைகளிலேயே வயிறாரச் சாப்பிடலாம். கறியும் மீனும் எதில் ஒளிந்திருக்கும் என்று தெரிந்தால் போதும்.

1. இரவு ஏழரைக்கு மேல் போங்கள். பல கடைகளில் பீட்சா அடுப்பை மாலையில்தான் பற்றவைப்பார்கள். சனிக்கிழமை என்றால் முதலிலேயே டேபிள் சொல்லி வையுங்கள்.

2. உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பார்கள். 'நத்துராலே' சாதாரணத் தண்ணீர், 'ஃப்ரிஸான்தே' சோடா. இரண்டும் பெரும்பாலும் பாட்டிலில்தான் வரும், பில்லிலும் ஏறும்.

3. இப்போது மெனு. இங்கேதான் நிதானம் வேண்டும். சுக்கினிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். பார்க்க நம்ம ஊர் பஜ்ஜி போலவே இருக்கும், உள்ளே மொசரெல்லா சீஸோடு நெத்திலி மீன் வைத்திருப்பார்கள். 'சுப்ளி' என்ற அரிசி உருண்டையில் பழைய முறைப்படி இறைச்சிக் குழம்பு உண்டு. குளிர்காலத்தில் வரும் 'புந்தாரெல்லே' கீரை சாலட்டிலும் நெத்திலிதான். ரோமில் 'நாபொலெத்தானா' என்று கேட்டால் வரும் பீட்சாவிலும் அதே. பாஸ்தாவில் கார்பொனாரா, அமாத்ரிசியானா, கிரிச்சா மூன்றிலும் பன்றித் தாடை இறைச்சி சேரும். ரோமின் பேர்பெற்ற பாஸ்தாக்களில் நமக்கு மிஞ்சுவது 'காச்சோ எ பெபே'. பெக்கொரினோ சீஸும் மிளகும் மட்டும்தான், ஆனால் அபார ருசி. என் முதல் சிபாரிசு அதுதான்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்புவதைவிட ஒரு வரியை மனப்பாடம் செய்வது மேல்: "நியென்தே கார்னே, நியென்தே பெஷ்ஷே." கறி வேண்டாம், மீன் வேண்டாம். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் நெத்திலியைச் சிலர் கணக்கில் எடுப்பதில்லை.

4. ஆளுக்கு ஒரு பீட்சா என்பதுதான் வழக்கம். ரோம் பீட்சா அப்பளம் மாதிரி மெல்லிசு, முழுசாகச் சாப்பிட முடியும். வெட்டாமல்தான் வரும். கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுங்கள்.

5. நீங்கள் கேட்கும்வரை பில் வராது. "இல் கோந்தோ" என்று சொல்லுங்கள். ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் 'கொப்பெர்தோ' என்ற இருக்கைக் கட்டணத்துக்கு 2006-லிருந்தே தடை. பில்லில் 'பானே' என்று இருந்தால் அது ரொட்டிக்கு. வேண்டாமென்றால் ரொட்டி வந்தவுடனேயே திருப்பி அனுப்பலாம். டிப்ஸ் கட்டாயமில்லை.

பின்சேர்க்கை: இந்தச் சீஸெல்லாம் சைவம்தானா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பெக்கொரினோ ரொமானோவையும் பார்மிஜானோவையும் கன்று, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் 'ரென்னெட்' என்ற உறைபொருளை விட்டுத்தான் பாலை உறைய வைக்கிறார்கள். அது ஆகாது என்பவர்கள் காச்சோ எ பெபேயையும் விட்டுவிட்டு, தக்காளி, பூண்டு, ஆரிகனோ மட்டும் போட்ட 'மரினாரா' பீட்சா கேளுங்கள். அதில் சீஸே கிடையாது. பாஸ்தா வேண்டுமென்றால் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் தாளித்த 'ஆல்யோ எ ஓல்யோ'. மேலே சீஸ் தூவ வருவார்கள், "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.