சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்களா? முதலில் மிருதங்கக்காரரைக் கேளுங்கள்

நவராத்திரிக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டுக்குப் போகிறோம், கோவிலில் பிள்ளை ஒரு நாள் பாட ஏற்பாடு செய்ய முடியுமா என்று மெல்பர்னில் வருடா வருடம் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் பாடலாம். ஆனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன், ஊரில் மிருதங்கம் வாசிப்பவருக்கு எந்த நாள் தோது என்று விசாரித்துவிடுங்கள். கோவில் கமிட்டியைக்கூட அதற்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊரில் சங்கீதம் ஓடுவது சபாவால் அல்ல. எல்பில், ஹேவூட், டோவன்பி என்று சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சனிக்கிழமை பஜனை இருந்தது, கோவிலில் தேவாரம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வந்தது. சனம் லயத்தை விட்டு டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிவந்தது. பாட்டும் கூடவே வந்தது. இன்றைக்கு நான் பழகிய அளவில், ஒரு டீச்சர் வீட்டு முன் அறையில் வாய்ப்பாட்டு வகுப்பு, கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு, சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வந்து வயலினும் வீணையும் சொல்லித்தரும் ஒருவர், ஒரு பழைய பஜனைக் குழு, இவ்வளவுதான். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே மிருதங்கக்காரர். அவரும் பகலில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்.

ஆளைப் பகிர்வதோடு முடிவதில்லை. மிருதங்கத்தையும் பகிர வேண்டியிருக்கிறது. ஒரு மிருதங்கத்தை எல்லாச் சுருதிக்கும் ஏற்றி இறக்க முடியாது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், அதற்குக் குட்டையான ஹெச்சுச் சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும். 1 கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு நீளமான தக்குச் சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம். இரண்டையும் வாங்கி வைத்து, இந்த ஊர் ஈரக்காற்றில் தோல் தளர்ந்தபோதெல்லாம் வார் இழுத்து, மூட்டு என்ற தோல் முகத்தை மாற்றிப் பராமரிக்கச் சின்ன வகுப்பு ஒன்றால் முடியாது. அதனால் டீச்சர் வீட்டில் ஹெச்சு, பஜனைக் குழுவிடம் தக்கு. யாருக்கு எது தேவையோ அது அந்த வாரம் அந்த வீட்டில் இருக்கும். சுருதிப்பெட்டி, ஜமக்காளம், மைக் எல்லாம் இதே கணக்குத்தான்.

இது தெரியாமல் நானே ஒருமுறை தவறு செய்தேன். மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது, விஜயதசமிக்கு முந்தைய இரவைக் கமிட்டியில் பேசி வாங்கிவிட்டேன். அதே இரவில் இன்னொரு கோவிலில் தேவார வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாகப் பக்கவாத்தியத்தோடு பாட இருந்தார்கள். மிருதங்கக்காரர் எனக்காக வந்தார். அந்தப் பிள்ளைகள் வெறும் சுருதிப்பெட்டியோடு பாடினார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை டீச்சர்தான், “தம்பி, அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருங்க” என்றார். இந்தக் கட்டுரையை எழுத அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

சரி, போன் போட்டால் என்ன கேட்பது? நவராத்திரியின் ஒவ்வொரு இரவுக்கும் அன்றைய பூஜைச் செலவை ஏற்கும் ஓர் உபயக்காரர் இருப்பார். பல மாதங்களுக்கு முன்பே குழுக்கள் கூடிப் பேசி எந்த இரவு யாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் பாடும் இரவில் மற்றவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள், பிரசாதம் கட்டுவார்கள், கார் இல்லாத பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே தனி இரவு கேட்காதீர்கள். எந்தக் குழுவின் இரவில் இரண்டு பாட்டுக்கு இடமிருக்கும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை லண்டனிலோ பெர்த்திலோ அரங்கேற்றம் முடித்திருந்தாலும் இதுதான் நல்லது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடினால் மறுநாளே நண்பர்களாகிவிடுவார்கள். தனி மேடை போட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு வேறு செய்தி. அந்த வாரம் ஊரில் நாதஸ்வரம், தவில், மிருதங்கம் எதுவும் கையில் கிடைக்காது. வாசிக்கிறவர்கள் ஈப்போ கல்லுமலைக்கும் பினாங்குக்கும் பத்துமலைக்கும் போயிருப்பார்கள். பாட ஆசைப்பட்டால் பூசம் முடிந்து ஒரு வாரம் தங்குங்கள். நீங்கள் போகும் காவடி ஊர்வலத்தில் உறுமி மேளம் வாசிக்கும் பையன்களோடும் பேசிப் பாருங்கள். அதே பையன்களில் சிலர் டீச்சர் வீட்டில் தாளம் கற்றவர்கள். உறுமியையும் கர்நாடக சங்கீதத்தையும் இரண்டு உலகமாகப் பிரிப்பது இந்த ஊர் வழக்கமில்லை. அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சேர்ந்து பாடும்போது ஒரு சிக்கல் வரும். தியாகராஜர் ஆராதனைக்கு அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாட எல்லா வகுப்பும் ஒன்றுகூடும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகமும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு டீச்சரின் பாடாந்தரமும், அதாவது குரு வழியாக வந்த பாடும் முறையும், வேறு. ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும்போது ஒருவர் எடுக்கும் சங்கதியை இன்னொருவர் எடுப்பதில்லை. அதனால் சில ஞாயிறுகள் முன்கூட்டியே உட்கார்ந்து, எந்த இடத்தில் யாருடைய வழி என்று தீர்த்துக்கொள்வார்கள். ஒருவர் ஆரபியில் விட்டுக்கொடுத்தால் மற்றவர் ஸ்ரீராகத்தில் விட்டுக்கொடுப்பார். அந்தப் பேச்சு முடிந்த பிறகு நீங்கள் போய், “எங்கள் குரு இப்படிச் சொல்லித்தரவில்லையே” என்று தொடங்கினால் எல்லாம் குலைந்துவிடும். ஊர் வழியில் பாடுங்கள். தெரியாத இடத்தில் மெல்ல முணுமுணுத்தால் போதும்.

இங்கே எதுவும் தேவாரத்தில்தான் தொடங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டி வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் மேடை. நட்டபாடை என்ற தேவாரப் பண்ணில் ஒரு பதிகம் பாடத் தெரிந்த குழந்தை கம்பீரநாட்டை ராகத்தின் வழியைப் பாதி அறிந்துவிட்டது. அந்தக் குழந்தையைத் தேவார ஆசிரியரே கையைப் பிடித்து வாய்ப்பாட்டு வகுப்பில் கொண்டுவந்து விடுவார். யாரும் மாணவரை இழுத்துக்கொள்வதில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒரு பதிகமாவது பாடம் செய்துவிட்டு வாருங்கள்.

என்ன கொண்டுவரலாம்? வயலின், வீணைத் தந்திகள் எப்போதும் பயன்படும். தமிழ்நாடு வழியாக வருகிறவர்கள் கோவில் நாதஸ்வரக்காரரிடம் கேட்டுவிட்டுத் திருவாவடுதுறைச் சீவாளி (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி) வாங்கி வரலாம். அதைவிடப் பெரிய மரியாதையை அவருக்கு நீங்கள் செய்ய முடியாது. வீணை கொண்டுவந்தால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். மெட்டுகளை, அதாவது தந்திக்குக் கீழே உள்ள உலோகக் கட்டைகளை, பிடித்திருக்கும் மெழுகு இளகினால் அவை நகர்ந்துவிடும், சரிசெய்ய ஊரில் ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பும்போது மரமும் தோலும் உள்ள வாத்தியத்தைப் பயண அட்டையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம்.

பணம் கொடுக்க நினைத்தால், ஒரு வகுப்புக்கு மட்டும் பெரிய தொகை கொடுப்பதை நான் தவிர்க்கச் சொல்வேன். அது இதுவரை சமமாக இருந்தவர்களுக்கு நடுவில் ஒரு மேடுபள்ளத்தை உண்டாக்கும். எல்லாரும் பயன்படுத்தும் மைக்குக்கோ மிருதங்கத்துக்குப் புதுத் தோல் போடவோ கொடுங்கள். இந்த மண்ணில் இது புதிதல்ல. இதே ஊரில் பிறந்த அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி (ரிங்கிட்) பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள் சேர்ந்து தோட்டமே வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று சேர்ந்து மிருதங்கம் வாங்குகிறார்கள். மிருதங்கக்காரருக்கு மட்டும் தனியாக, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுங்கள். வேலைக்கு லீவு போட்டு வந்திருப்பார்.

பயண விவரம் சுருக்கமாக. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் மலேசியா வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் சுங்கை சிப்புட்டுக்கே வருகிறது. நேரம் ஒத்துவராவிட்டால் ஈப்போவில் இறங்குங்கள், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். பண்டிகைக்கால டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கோவிலில் பக்தராக இரண்டு பாட்டுப் பாடுவது வேறு, விளம்பரம் செய்து டிக்கெட் விற்கும் மேடை வேறு. இரண்டாவதற்கு வெளிநாட்டுக் கலைஞர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் ஏற்பாட்டாளர்களிடம் பல மாதம் முன்பே பேசுங்கள்.

கிளம்பும் நாளன்று, உங்கள் பிள்ளைக்காக இரவல் வாங்கிய மிருதங்கத்தை எடுத்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட வேண்டாம். அடுத்து அது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று டீச்சரைக் கேட்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.