டிபெண்டென்ட் விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் வேலை அனுமதி வாங்குவது எப்படி?

கல்யாணமாகி அமெரிக்கா வந்த பலருக்கும் முதல் மாதத்திலேயே எழும் கேள்வி, “நானும் வேலைக்குப் போகலாமா?” என்பதுதான். இதற்கான பதில், நீங்கள் நாட்டுக்குள் நுழைந்ததையும் எந்த நாள்வரை தங்கலாம் என்பதையும் காட்டும் ஐ-94 பதிவில் ‘கிளாஸ் ஆஃப் அட்மிஷன்’ என்ற வரியில் இருக்கிறது. அங்கே உள்ள இரண்டு மூன்று எழுத்துகளைப் படிக்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்பத் தொடங்காதீர்கள்.

படி 1: உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு கிடைக்கும். நாட்டுக்குள் இருந்தபடியே விசா நிலையை மாற்றியவர்களும் நீட்டித்தவர்களும் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம். அவர்களுக்கு ஒப்புதலாக வந்த ஐ-797ஏ தாளின் அடிப்பகுதியில் இருப்பதுதான் இப்போதைய ஐ-94.

எல்-2எஸ் என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்துவிட்டது. 2021 நவம்பர் முதல், வெளிநாட்டுக் கிளையிலிருந்து நிறுவனமே அமெரிக்காவுக்கு மாற்றிய எல்-1 ஊழியரின் கணவருக்கோ மனைவிக்கோ அந்த நிலையே வேலை உரிமையைத் தருகிறது. தனி வேலை அனுமதிக் கார்டு கட்டாயமில்லை, ஐ-94 தாளையே நிறுவனத்தில் காட்டலாம். கடைசியில் ‘எஸ்’ இல்லாமல் வெறும் எல்-2 என்று இருந்தால் அதைத் திருத்தி வாங்கிய பிறகு வேலை தேடுங்கள்.

மாணவரின் துணையாக எஃப்-2 விசாவில் வந்தவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது, அதற்கென்று விண்ணப்பமும் இல்லை. நிறுவனம் வேலைக்கு எடுத்து எச்-1பி விசாவில் வந்தவருக்கோ கார்டே தேவையில்லை. அவருக்காக நிறுவனம் வாங்கிய ஒப்புதல்தான் அனுமதி, ஆனால் அந்த நிறுவனத்தில் மட்டும்.

மீதி இருப்பது எச்-4, அதாவது எச்-1பி ஊழியரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா. தமிழ்க் குடும்பங்களில் அதிகம் பேர் இருப்பதும், அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

படி 2: எச்-4 என்றால் தகுதி வந்துவிட்டதா?

2015 மே 26 முதல் எச்-4 துணைவர்கள் இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எல்லா எச்-4களுக்கும் இது பொருந்தாது. உங்கள் கணவருக்கு அல்லது மனைவிக்கு, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிரீன் கார்டு வேலைகள் நடப்பதைக் காரணமாகக் காட்டி, ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை.

அதனால் எச்-1பியில் இருப்பவர் கிரீன் கார்டு வேலையைத் தன் நிறுவனத்தில் எவ்வளவு சீக்கிரம் தொடங்கச் சொல்கிறாரோ, அவ்வளவு சீக்கிரம் உங்களுக்கு வழி திறக்கும். இதை வீட்டில் முதல் வருடமே பேசிவிடுங்கள்.

கார்டு கைக்கு வரும்வரை சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யாதீர்கள். “இந்தியக் கம்பெனிக்கு ஆன்லைனில் செய்கிறேன், சம்பளம் ரூபாயில்தானே வருகிறது” என்பது பலர் நம்பும் ஆபத்தான கணக்கு. வேலை நடக்கும் இடம் அமெரிக்கா. பிற்பாடு கிரீன் கார்டு நேர்காணலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

படி 3: காகிதங்களைச் சேருங்கள்

இஏடிக்கான விண்ணப்பமான ஐ-765 படிவத்துடன் இவற்றின் நகல்கள் போக வேண்டும்: உங்கள் பாஸ்போர்ட், எச்-4 நிலையைக் காட்டும் ஐ-94 அல்லது ஐ-797, துணைவரின் எச்-1பி ஒப்புதல் தாள், ஐ-140 ஒப்புதல் தாள், திருமணச் சான்றிதழ், முன்பு கார்டு வாங்கியிருந்தால் அதன் இரு பக்கங்களும். இவற்றோடு இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குல அளவில், வெள்ளைப் பின்னணியில் இரண்டு போட்டோக்கள். போட்டோவின் பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயரை எழுதுங்கள். பேனாவில் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும்.

ஐ-140 தாள் நிறுவனத்தின் பெயருக்கு வருவதால், சில நிறுவனங்கள் அதை ஊழியரிடம் தருவதில்லை. தாள் கிடைக்காவிட்டாலும் அதன் ரசீது எண்ணையாவது கேட்டு வாங்குங்கள். அதைக் குறிப்பிட்டு, நகல் கிடைக்காத காரணத்தை ஒரு கடிதத்தில் விளக்கலாம்.

திருமணத்துக்குக் கோயில் ரசீது, மண்டப ரசீது, அழைப்பிதழ் எதுவும் போதாது. பதிவாளர் அலுவலகம் தந்த சான்றிதழ் வேண்டும். அது தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரையில் இருக்கும் எழுத்துகளையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

படி 4: பெயரில் சிக்காதீர்கள்

தமிழர்களுக்கு இது தனிப் பாடமாகவே இருக்க வேண்டிய விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ கட்டத்தில் கயல்விழி என்று மட்டும் இருந்து, ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க விசாவில் கயல்விழி குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது.

விசாவிலும் ஐ-94இலும் எப்படி இருக்கிறதோ அப்படியே ஐ-765இலும் எழுதுங்கள். திருமணச் சான்றிதழில் “செ. கயல்விழி” என்றும் பள்ளிச் சான்றிதழில் “கயல்விழி செல்வம்” என்றும் இருந்தால், அந்த வடிவங்களை ‘வேறு பெயர்கள்’ பகுதியில் சேருங்கள். கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றாகிவிட்டால் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

படி 5: படிவத்தை நிரப்புங்கள்

படிவத்தை யூஎஸ்சிஐஎஸ் எனப்படும் அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறையின் தளத்திலிருந்து அனுப்பும் வாரத்தில் புதிதாக இறக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி அச்சாகியிருக்கும். பழைய பதிப்பை அனுப்பினாலும், இரண்டு பதிப்புகளின் பக்கங்களைக் கலந்து அனுப்பினாலும் கட்டு அப்படியே திரும்பி வரும்.

முதல் முறை என்றால் முதல் பகுதியில் ‘இனிஷியல் பெர்மிஷன்’ கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தகுதிப் பிரிவு கேட்கும் இடத்தில் வரிசையாக மூன்று சிறு அடைப்புகள் இருக்கும். முதலாவதில் சி, இரண்டாவதில் 26, மூன்றாவது காலி. அதற்கு அருகிலேயே துணைவரின் எச்-1பி ரசீது எண்ணைக் கேட்பார்கள். மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட அந்த எண்ணை ஐ-797 தாளைப் பார்த்து எழுதுங்கள். ஐ-140 எண்ணை இங்கே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

கையெழுத்தைப் பேனாவால் போடுங்கள். கையெழுத்தில்லாத படிவத்தை ஏற்க மாட்டார்கள்.

படி 6: கட்டணம், அனுப்புதல்

2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியல்படி, காகிதமாக அனுப்பும் ஐ-765க்கு 520 டாலர். அனுப்பும் நாளில் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு டாலர் குறைந்தாலும் திரும்பி வரும். 2025 அக்டோபர் இறுதியிலிருந்து காகிதக் காசோலை பொதுவாகச் செல்லாது. கிரெடிட் அல்லது டெபிட் கார்டு என்றால் ஜி-1450, அமெரிக்க வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650 படிவத்தை மேலே வையுங்கள். எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539ஐயும் சேர்த்து அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணப் படிவம் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு பாருங்கள். கார்டின் காலம் எச்-4 ஐ-94 முடியும் நாளைத் தாண்டாது. எச்-4 முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால், தனியாக ஐ-765 மட்டும் அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நீட்டிப்போடு சேர்த்தே அனுப்புங்கள்.

படி 7: காத்திருப்பும் கார்டும்

சில வாரங்களில் ரசீதுத் தாள் வரும். அது அனுமதி அல்ல. கைரேகைக்கு அழைத்தால் அந்தத் தேதியில் போய்விடுங்கள். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அபார்ட்மென்ட் தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெட்டியில் துணைவரின் பெயர் மட்டும் இருந்தால் தபால்காரர் கார்டைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

கார்டு வந்ததும் பெயர், பிறந்த தேதி, சி26 என்ற பிரிவு, தொடக்க, முடிவுத் தேதிகளைச் சரிபாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் கார்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகலாம். வேலையில் சேரும்போது உங்கள் வேலை உரிமையைச் சரிபார்க்க நிறுவனம் நிரப்பும் ஐ-9 படிவத்துக்கு இந்த ஒரு கார்டே போதும். எந்த நிறுவனத்திலும் சேரலாம், மாறலாம்.

புதுப்பிக்க, காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். முன்பு, புதுப்பிப்பு நிலுவையில் இருந்தால் பழைய கார்டு தானாக 540 நாள் வரை நீண்டது. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்புகளுக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. பழைய கார்டு முடிந்து புதியது வராவிட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும்.

அமெரிக்கக் குடிமகனை மணந்தவர்கள்

சட்டப்படி விசாவில் நுழைந்து இப்போது அமெரிக்காவுக்குள் இருந்தால், துணைவர் தரும் உறவு மனுவான ஐ-130, கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485, வேலை அனுமதிக்கான ஐ-765 மூன்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம். தகுதிப் பிரிவில் சி, 9. அதே 2024 பட்டியல்படி 675, 1,440, 260 என்று மொத்தம் 2,375 டாலர். மருத்துவப் பரிசோதனைக்கான ஐ-693ஐ 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485உடனேயே வைக்க வேண்டும், பிறகு தருகிறேன் என்றால் ஏற்பதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் என்று சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரங்களைக் கல்யாண ஆல்பத்தைவிட அதிகமாகச் சேருங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது, எச் அல்லது எல் நிலையில் இல்லாதவர்கள் ‘அட்வான்ஸ் பரோல்’ எனப்படும் முன்கூட்டிய பயண அனுமதி வாங்காமல் ஊருக்குக் கிளம்பினால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று ஓட வேண்டி வரலாம். அந்த அனுமதிக்கான ஐ-131ஐயும் முதல் நாளே கட்டில் சேருங்கள்.

இந்தியாவிலேயே இருப்பவர்களுக்குக் குடியேற்ற விசா. நேர்காணல் சென்னையில் அல்ல, பெரும்பாலும் மும்பையில். விசா கிடைத்ததும் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைப் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் கிரீன் கார்டு அச்சாகாது. இவர்களுக்கு இஏடி தேவையில்லை, இறங்கிய மறுநாளே வேலைக்குச் சேரலாம். கார்டு வரும்வரை, பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை விழுந்த அந்த விசாவே ஓராண்டுக்கு ஆதாரம்.

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால், கார்டு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்த இரண்டு ஆண்டு வரம்பை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை இருவருமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கார்டு கைக்கு வந்த அன்றே அந்தத் தேதியை இருவர் கைப்பேசியிலும் குறித்து வையுங்கள்.