பழைய என்விடியா கார்டுக்கு உபுண்டுவில் டிரைவர் நிறுவும் முறை

காட்பாடியில் பழைய கணினி ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு போட்டுக்கொண்ட என் தங்கை மகனுக்காக எழுதிய குறிப்பு இது. கிராபிக்ஸ் கார்டின் வயதுக்குப் பொருந்தாத டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, போடுவதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. ஆகவே முதல் படியில் அவசரம் வேண்டாம்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து, விஜிஏ என்று வரும் வரியைப் படியுங்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட பெயர் போதாது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சிப்பும் வந்தது, அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப்பும் வந்தது. அந்த வரியில் ஜிஎஃப்108 என்றிருந்தால் ஃபெர்மி, ஜிகே208 என்றிருந்தால் கெப்ளர். கெப்ளருக்கு 470 வரிசையே கடைசி டிரைவர். ஃபெர்மிக்குரிய 390 வரிசையின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டதால், கெர்னல் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதியோடு வரும் நூவோ டிரைவரிலேயே இருந்துவிடுங்கள். வேகம் குறைந்தாலும் திரை தெரியும்.

அடுத்து, 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' செயலியில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்துக்குப் போய், உரிய வரிசையைத் தேர்ந்து நிறுவுங்கள். இணையதளத்திலிருந்து தனியாக இறக்கிய கோப்பைப் போட்டால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது வேலை செய்யாமல் போகக்கூடும். நிறுவும்போது மின்சாரம் போனால் வேலை அரைகுறையாக நின்றுவிடும் என்பதால், கோடையில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினியில் நிறுவலின்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரை சில நொடிகளே காத்திருக்கும். காபி எடுக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் எனக்கு அது கடந்துபோய்விட்டது. டிரைவர் ஏறாததால் எழுத்தெல்லாம் பெரிதாகிப் பரந்த திரையும் பழைய டிவி போல ஆனது. ஆகவே நீலத்திரை வந்த உடனே ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'எஸ்' என்று வரிசையாகத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகும் திரை கருப்பாகவே நின்றால், கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். உள்ளே நுழைந்ததும் தவறான டிரைவரை நீக்கிவிடலாம்.

எல்லாம் சரியானதும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுங்கள். டிரைவர் எண்ணோடு கார்டின் வெப்பநிலையும் தெரியும். வேலூர் வெயிலில் அது ஏறிக்கொண்டே போனால், கார்டின் விசிறியில் படிந்திருக்கும் தூசியைப் பாருங்கள்.