இரண்டு கைபேசிகளைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளப்பது எப்படி?

கைபேசியைப் பாடக் காணொளி காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தும் வகுப்புகள் ஏராளம். அதற்குள் இருக்கும் ஒலிவாங்கியையும் முடுக்கமானியையும் கொண்டு மாணவர்கள் தாங்களே அளந்து பார்க்கும்போதுதான் அக்கருவியின் முழுப் பயனும் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 2016-இல் வெளிவந்த ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இதற்கு மிகவும் ஏற்றது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும் இதனை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு சோதனை செய்ய இணையம் தேவையில்லை.

முதலில் இரண்டு கைபேசிகளிலும் செயலியை நிறுவி, ஒலிவாங்கியைப் பயன்படுத்த அது கேட்கும் அனுமதியை வழங்குங்கள். அறிவிப்பு ஒலிகள் குறுக்கிடாதிருக்க, இரண்டையும் விமானப் பயன்முறையில் வையுங்கள். பின்னர், பட்டியலில் உள்ள ‘அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்’ என்பதைத் திறவுங்கள். முதல் ஒலியைக் கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த ஒலியைக் கேட்டதும் நிற்கும் கடிகாரம் இது.

அடுத்து, எதிரொலி குறைவான திறந்த தாழ்வாரத்திலோ மைதானத்திலோ கைபேசிகளைச் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் வைத்து, அந்தத் தூரத்தை அளவு நாடாவால் சரிபாருங்கள். செயலியில் ‘த்ரெஷோல்ட்’ என்று ஓர் அளவு இருக்கும். எவ்வளவு உரத்த ஒலிக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மாணவர்களின் பேச்சுக்கு ஓடாமலும், 10 மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கைதட்டலுக்கு ஓடும்படியும் அதனைக் கூட்டிக் குறைத்து அமையுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை இதுதான். கைதட்டல் போதவில்லையென்றால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டலாம். அந்தக் கூர்மையான ஓசையைத் தொலைவில் உள்ள கைபேசியும் தவறவிடாது.

இப்போது கைபேசிக்கு ஒருவராக இரண்டு மாணவர்கள் நிற்கட்டும். முதலாமவர் தட்டியதும் அவர் அருகில் உள்ள கைபேசி உடனே ஓடத் தொடங்கும். மற்றது, ஒலி 10 மீட்டரைக் கடந்து வந்த பிறகே தொடங்கும். ஓரிரு நொடி கழித்து இரண்டாமவர் தட்டும்போது, அவருடைய கைபேசி உடனே நிற்க, முதலாவது சற்றுத் தாமதித்து நிற்கும். ஆகவே இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு, ஒலி 20 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட நேரமாகும். இதனைக் கரும்பலகையில் படம் வரைந்து, மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

20-ஐ அந்த வேறுபாட்டால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் என்பதால், வேறுபாடு 0.057 நொடியை ஒட்டி வர வேண்டும். இதில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விடை நொடிக்கு 6 மீட்டர் அளவுக்கு மாறிவிடும். எனவே பலமுறை அளந்து சராசரி காணச் சொல்லுங்கள்.

விடை தொடர்ந்து அதிகமாகவே வருகிறதென்றால், தட்டுபவர்கள் கைபேசிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நிற்கிறார்களா என்று பாருங்கள். இரு கைபேசிகளையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில், அவற்றுக்குப் பின்னால் நிற்பதே முறை. அப்படி நின்றால், எவ்வளவு தள்ளி நின்றாலும் கணக்கு மாறாது. ஏன் மாறாது என்பதை அன்றைய வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.