கொசுவலையும் கட்டி, மருந்தும் அடித்தால் மலேரியா போய்விடுமா? சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

2023இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. இறந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். தடுக்க வழியே இல்லாத நோய் என்றால் விதி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கொசுவலை இருக்கிறது, சுவரில் அடிக்கும் மருந்து இருக்கிறது, நல்ல மாத்திரை இருக்கிறது, 2021இலிருந்து தடுப்பூசியும் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் என்ன? சேர்க்கத்தான் வேண்டும். எதை எதோடு சேர்க்கிறோம் என்று பார்க்காமல் சேர்ப்பதில்தான் பணமும் உயிரும் வீணாகின்றன.

முதலில் ஒரு கொசுவின் ராத்திரியைப் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் மலேரியாவைப் பரப்பும் பெண் அனாபிலிஸ் கொசு வீட்டுக்குள் வருகிறது. தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்றைத் தேடிப் போகிறது. வலை அதை மறிப்பது அங்கேதான். ரத்தம் குடித்துவிட்டால் உடம்பு கனத்துப் போய்ப் பக்கத்துச் சுவரில் உட்காரும். சுவரில் அடித்த மருந்து அப்போது வேலை செய்கிறது. அப்புறம் முட்டையிடத் தண்ணீரைத் தேடும். தண்ணீரில் வளரும் கொசுப்புழுவைக் கொல்லும் புழு மருந்துக்கு அங்கே வேலை. மனிதரின் உடம்புக்குள் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போகிறது, தடுப்பூசி அதை அங்கே போகவிடாமல் பார்க்கிறது. ரத்தத்துக்கு வந்த கிருமியை மாத்திரை கொல்கிறது. ஆக, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் காவல் நிற்கிறது. ஒன்றின் கண்ணில் தப்பியதை இன்னொன்று பிடிக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பல திட்டங்கள் தடுமாறியிருக்கின்றன.

ஒரே ஆயுதத்தை இரண்டு கையிலும் பிடிப்பது

சாதாரணக் கொசுவலையில் தோய்ந்திருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து. அதே வகை மருந்தைச் சுவரிலும் அடித்தால் இரண்டு வேலை நடந்த மாதிரித் தெரியும். வலையில் பட்டுச் சாகாத கொசு சுவரில் பட்டும் சாகாது. போதாக்குறைக்கு, இரண்டு இடத்திலும் அதே மருந்தைச் சந்தித்துத் தப்பிய கொசுக்கள்தான் பெருகும். டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து வேறு வகை என்றாலும், அதுவும் பைரித்ராய்டும் கொசுவின் நரம்பில் தாக்குவது ஒரே வாசலைத்தான். அந்த வாசல் மாறிப்போன கொசுவிடம் இரண்டுமே தோற்கலாம்.

மருந்து வேறாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. தான்சானியாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய முலேபா மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பிபிஓ என்ற துணைப்பொருள் சேர்ந்த புதுவகை வலை ஒரு பக்கம், பிரிமிபாஸ்-மீத்தைல் என்ற மருந்தைச் சுவரில் அடிப்பது ஒரு பக்கம். தனித்தனியே இரண்டும் நன்றாக வேலை செய்தன. இரண்டையும் சேர்த்த ஊர்களிலோ, புதுவகை வலை மட்டும் கொடுத்த ஊர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம் கவனிக்க வேண்டியது. கொசு தன் உடம்பில் உள்ள சில நொதிகளைக் கொண்டு பைரித்ராய்டைச் செரித்துவிடுகிறது. பிபிஓ அந்த நொதிகளைக் கட்டிப்போடுகிறது, அதனால் பைரித்ராய்டு மறுபடி பலிக்கிறது. ஆனால் பிரிமிபாஸ்-மீத்தைல் நேரடியாக விஷம் அல்ல. கொசுவின் அதே நொதிகள்தான் அதை விஷமாக மாற்றித் தர வேண்டும். ஒரு மருந்து கட்டிப்போட்ட கை, இன்னொரு மருந்துக்குத் தேவையான கை. மருந்து வாங்குவதற்கு முன்னால் பூச்சியியல் தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஓட்டைப் பானைக்கு இன்னொரு பானை

வலை போட்டும் காய்ச்சல் குறையவில்லையா, சரி, மருந்தும் அடிப்போம் என்று முடிவெடுப்பது அடுத்த தவறு. ஏன் குறையவில்லை என்று முதலில் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது கணக்கு. ஆனால் ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரே வலை இருக்கலாம், அதன் அடியில் தாயும் கைக்குழந்தையும் படுத்திருக்கலாம். ஐந்து வயதுப் பையன் அண்ணன்களோடு வெளிப்பாயில் கிடப்பான். இன்னொரு வீட்டில் வலை கட்டித்தான் இருக்கும். கட்டில் காலில் உரசி உரசி அடிப்பக்கம் ஒரு சாண் கிழிந்திருக்கும். வெயிலில் உலர்த்தி உலர்த்தி மருந்து போயிருக்கும். நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வருஷம் உழைக்கும் என்று கொடுத்த வலை இரண்டே வருஷத்தில் கந்தலாவது சாதாரணம்.

இந்த நிலையில் மருந்தடிக்கும் ஆட்களை அனுப்பினால், அதிலும் பாதி வீடுகள் விட்டுப்போகும். மருந்து அடித்த சுவரை அடுத்த மாதமே மண் பூசி மெழுகிவிட்டால் அதுவும் போச்சு. அரைகுறையாக இரண்டு வேலை செய்வதைவிட ஒன்றை உருப்படியாகச் செய்வது மேல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ஒரு முறையைச் செயல்படுத்துவதில் உள்ள குறையை மறைக்க இன்னொரு முறையைக் கொண்டுவராதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வலைப் பயன்பாடு நன்றாக இருந்த ஊர்களில், கூடவே டிடிடி அடித்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

புதியது வந்ததும் பழையதை நிறுத்துவது

எனக்கு மிகவும் வலிக்கிற கதை வடக்கு உகாண்டாவுடையது. நோய் மிகக் கடுமையாக இருந்த பத்து மாவட்டங்களில் வருஷக்கணக்காகச் சுவரில் மருந்து அடித்தார்கள். பைரித்ராய்டு பலிக்காமல் போனபோது வேறு வகை மருந்துக்கு மாறினார்கள், நோய் நன்றாக இறங்கியது. 2014இல் அங்கே மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, அந்த வேலையைக் கிழக்கு மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். வடக்கே எல்லோருக்கும் வலை கொடுத்தாயிற்றே, இனி அது பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 2015இலேயே காய்ச்சல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரித் திண்ணைகள் குழந்தைகளால் நிறைந்தன. 2017இல் அவசரமாக ஒரு சுற்று மருந்து அடித்தார்கள், இறங்கியது. அதோடு விட்டார்கள், மறுபடி ஏறியது.

சில வருஷம் நோய் இல்லாமல் இருந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு மலேரியாவைத் தாங்கும் பழக்கம் உடம்பில் இருக்காது. அங்கே நோய் திரும்பினால் முன்பைவிட மோசமாகத் தாக்கும். எந்த முறையை எப்போது, எதைப் பார்த்து நிறுத்துவோம் என்று தொடங்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நன்கொடை தீர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது.

தடுப்பூசி விஷயத்திலும் இதே ஆபத்து காத்திருக்கிறது. ஊசி போட்டாயிற்று, வலை எதற்கு என்று தாய்மார்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி இல்லை என்று எடுத்துச் சொல்லாதவர்கள்மேல்தான் தவறு.

மாத்திரையோடு மாத்திரை மோதுவது

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் நாடுகளில் மழை நாலைந்து மாதம்தான், மலேரியாவும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அதனால் மழைக்காலம் முழுக்க மாதம் ஒரு முறை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். சுகாதாரப் பணியாளர் வாசலுக்கே வருவார். சின்னக் கோப்பையில் இரண்டு மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து, முதல் வேளையைத் தன் கண் முன்னால் குடிக்க வைப்பார். குழந்தை வாந்தி எடுக்கிறதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார். எடுத்தால் மறுபடி கொடுப்பார். அடுத்த இரண்டு நாள் தரவேண்டிய அமோடியாகுவின் மாத்திரையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அது கசக்கும். குழந்தை துப்பும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அந்தத் தாய் படும் பாட்டில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது.

இங்கே நடக்கக் கூடிய தவறு: அந்த மாத்திரையையும் மீறிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு, அதே அமோடியாகுவின் கலந்த மருந்தையே சிகிச்சையாகக் கொடுப்பது. தடுப்புக்கு ஒன்று என்றால் சிகிச்சைக்கு வேறொன்று வேண்டும். மருந்துக் கிடங்கில் வேறு கூட்டு மருந்து போதிய அளவு இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. எச்ஐவி இருப்பதால் மற்ற தொற்றுகளைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் என்ற மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, மலேரியா தடுப்புக்கான சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை தரக் கூடாது, இரண்டும் ஒரே குடும்ப மருந்து.

சரியாகச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இதே சாஹேலில் இருக்கிறது. புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் ஏறக்குறைய 6,000 குழந்தைகளை மூன்று வருஷம் கவனித்தார்கள். மழைக்கு முன்னால் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி, மழை மாதங்களில் மாத்திரை, வீட்டில் வலை. மாத்திரை மட்டும் கிடைத்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், இரண்டும் கிடைத்தவர்களிடம் மலேரியாவும் கடும் மலேரியாவும் அதனால் வந்த மரணமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தன. ஊசி கல்லீரலுக்கு முன்னால் நிற்கிறது, மாத்திரை ரத்தத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே ஓட்டை இல்லை.

எல்லா ஊரிலும் ஒரே சமையல்

புழு மருந்து தெளிப்பது தேங்கும் தண்ணீர் எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிற இடத்தில்தான் பலிக்கும். காம்பியா ஆற்றின் வெள்ளச் சமவெளியில் ஆட்களை நடக்கவிட்டு மருந்து தெளித்துப் பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் நீருமாக இருக்கும் இடம் அது, நோய் குறையவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சின்ன நாடான ஜிபூட்டியில் நிலைமை நேர் எதிர். 2012இல் அந்த நாட்டில் பதிவான மலேரியா 27 பேருக்குத்தான். அந்த வருஷம் அனாபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற ஆசியக் கொசு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் எண்ணிக்கை 70 ஆயிரத்தைத் தாண்டியது. இந்தக் கொசு சென்னைக்காரர்களுக்குப் புதியதல்ல. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து நகரத்தில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். கிராமத்துக் கொசுவை மனதில் வைத்து வகுத்த திட்டம் இதற்குப் போதாது. தொட்டிக்கு இறுக்கமான மூடி, டிரம்மை வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கழுவுவது, தொட்டிக்குள் புழு மருந்து என்று நம் ஊரில் தெரிந்த வேலைகள் அங்கே வலையோடு சேர வேண்டும். எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022இல் மலேரியா பெருகியபோதும் இந்தக் கொசுவே அங்கே பிடிபட்டது.

பரிசோதனையிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. எரித்திரியாவிலும் எத்தியோப்பியாவிலும் சில கிருமிகளிடம், உடனடிப் பரிசோதனைப் பட்டை தேடும் புரதமே இல்லை. பட்டையில் கோடு விழாது, குழந்தைக்கு நோய் இருக்கும். அந்தப் பட்டையை நம்பி, நோய் குறைந்துவிட்டது என்று கணக்கு எழுதினால் திட்டமே திசை மாறிவிடும்.

எல்லைக்கோட்டில் நின்றுவிடுவது

தென்னாப்பிரிக்கா 1996இல் டிடிடியை விட்டுப் பைரித்ராய்டுக்கு மாறியது. பைரித்ராய்டுக்கு மசியாத அனாபிலிஸ் ஃபியூனஸ்டஸ் கொசு மொசாம்பிக் பக்கத்திலிருந்து எல்லையோர மாகாணமான குவாசுலு-நட்டாலுக்குள் வந்தது. அதே சமயம் பழைய மாத்திரையும் கிருமியிடம் தோற்றுக்கொண்டிருந்தது. 2000இல் நாட்டில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. அப்போது இரண்டையும் ஒன்றாகத் திருத்தினார்கள்: சுவருக்கு டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சிகிச்சையை 2001இல் ஆர்டிமிசினின் கூட்டு மருந்துக்கு மாற்றினார்கள். கூடவே மொசாம்பிக், சுவாசிலாந்து (இப்போது எஸ்வாத்தினி), தென்னாப்பிரிக்கா மூன்றும் 1999இல் தொடங்கிய லுபோம்போ திட்டத்தில் தெற்கு மொசாம்பிக்கின் வீடுகளுக்கும் மருந்தடித்தார்கள். அங்கே அடித்த மருந்துக்குத் தென்னாப்பிரிக்காவில் காய்ச்சல் குறைந்தது. 2011இல் அந்தத் திட்டத்துக்கான பணம் நின்றது, தெற்கு மொசாம்பிக்கில் நோய் மறுபடி ஏறியது. 2015இல் அதே மூன்று நாடுகளும் மொசாஸ்வா என்ற புதுப் பெயரில் மறுபடி ஒன்று சேர்ந்து வேலையைத் தொடங்கின.