கனடாவில் விளையாட்டு வர்ணனையாளர் ஆக ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டொரொண்டோவை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிப்பதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. டிஎஸ்என், ஸ்போர்ட்ஸ்நெட் என்ற பெரிய விளையாட்டுச் சேனல்கள் இரண்டும் அங்கே இருப்பதால் வேலையும் அங்கேதான் தொடங்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் புகழ்பெற்ற ஹாக்கி ஒளிபரப்பாளர் ரான் மெக்லீன் ஆல்பர்ட்டாவில் ரெட் டியர் என்ற ஊரின் உள்ளூர் நிலையத்தில் வானிலை சொன்னவர். பேஸ்பால் வர்ணனையாளர் டான் ஷுல்மன் ஆக்சுவேரியல் சயின்ஸ் என்ற காப்பீட்டுக் கணிதம் படித்துவிட்டு, ஒன்டாரியோவின் பாரி நகர வானொலிக்குப் போனவர். பிறகு அமெரிக்க விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன் வரை எட்டினார். சின்ன ஊர் நிலையத்தில் செய்தி, வானிலை, ஜூனியர் ஹாக்கி (இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான்) எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும். உளறினாலும் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அது எவ்வளவு பெரிய வசதி!

அடுத்தது டெமோ, அதாவது வேலை கேட்டு அனுப்பும் மாதிரிப் பதிவு. கோல் விழும் நேரத்துக் கத்தல்களை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். கோல் விழுந்தால் யாரும்தான் கத்துவார்கள். பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டு) நடுவில் சும்மா அலைந்துகொண்டிருக்கும் மூன்று நிமிடத்தை நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். வெட்டாத பகுதி ஒன்றை அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, என்ன குறை என்றும் கேளுங்கள். பின்னாளில் பெயர்பெற்ற ஹாக்கி வர்ணனையாளரான நியூஃபவுண்ட்லாந்துக்காரர் பாப் கோல் 1956இல் தன் டேப்பை எடுத்துக்கொண்டு ஃபாஸ்டர் ஹெவிட்டின் டொரொண்டோ வானொலி நிலையத்துக்கே போய்விட்டார். 1923 முதல் ஹாக்கி சொல்லிவந்த ஹெவிட்டும் உட்காரவைத்துக் கேட்டு, அறிவுரை சொல்லி அனுப்பினார். அப்படியும் பாப் கோல், நாடறிந்த ஹாக்கி நிகழ்ச்சியான ‘ஹாக்கி நைட் இன் கனடா’வின் வானொலிக்கு வந்தது 1969இல்தான். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வானொலிப் பழக்கத்தை அப்படியே டிவிக்குக் கொண்டுவருவதும் தவறு. வானொலியில் பக் எந்த மூலையில், யார் மட்டையில் என்று நீங்கள்தான் காட்டவேண்டும். டிவியில் ஜனங்களுக்கே தெரிகிறது, சில நேரம் வாயை மூடிக்கொண்டு அரங்கத்தின் இரைச்சலைக் கேட்கவிடலாம்.

வீரர்களின் பெயரைக் குத்துமதிப்பாகச் சொல்வதற்கு மன்னிப்பே கிடையாது. ஆட்ட நாள் காலைப் பயிற்சிக்குப் போனால் அந்த வீரரிடமே கேட்டுக்கொள்ளலாம். பாப் கோல் பெயர் பெற்ற பிறகும் காலைப் பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்தவர்.

தாய்மொழி வர்ணனையை இரண்டாந்தரம் என்று தள்ளுவது இன்னொன்று. டொரொண்டோவில் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோவின் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆல்பர்ட்டாவின் புரூக்ஸில் பிறந்த ஹர்நாராயண் சிங் 2008இல் பஞ்சாபி ஹாக்கி ஒளிபரப்பில் சேர்ந்தார். கால்கரியிலிருந்து டொரொண்டோவுக்கு வார இறுதிதோறும் விமானம், ஆரம்பத்தில் டிக்கெட் செலவும் அவருடையதே. என்ஹெச்எல் என்ற பெரிய ஹாக்கி லீக்கின் 2016 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் நிக் பொனினோ கோல் போட்டபோது “பொனினோ, பொனினோ, பொனினோ” என்று அவர் அடுக்கியது, பஞ்சாபி தெரியாதவர்களிடமும் பரவியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் தேசிய ஆங்கில ஒளிபரப்பிலும் வந்துவிட்டார்.

வாய் நழுவுவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ‘ஹாக்கி நைட்’டின் பிரபல கருத்தாளர் டான் செர்ரி 2019 நவம்பரில் குடியேறிகளைப் பற்றிப் பேசிய சில வாக்கியங்கள், ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடத்தை இரண்டே நாளில் காலி செய்தன.

அப்புறம், வேலை நிரந்தரம் என்ற நம்பிக்கை. இந்தத் துறையில் திறமையைவிட ஒளிபரப்பு உரிமைதான் முதலாளி. 2013இல் ஸ்போர்ட்ஸ்நெட்டின் உரிமையாளரான ராஜர்ஸ் 520 கோடி டாலருக்கு என்ஹெச்எல் உரிமையை வாங்கியதும், அதுவரை அந்த ஆட்டங்களைக் காட்டிவந்த பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியில் பலருடைய நிலைமை தலைகீழானது. 2021 பிப்ரவரியில் வான்கூவர், வினிபெக், ஹாமில்டன் டிஎஸ்என் வானொலிகள் ஒரே நாளில் விளையாட்டை நிறுத்தின. வர்ணனையாளர் கிறிஸ் கத்பர்ட்டை, ஹாக்கி சீசனே நடக்காத 2005இல் சிபிசி வீட்டுக்கு அனுப்பியது. ஐந்தே வருடத்தில், வான்கூவர் ஒலிம்பிக்கில் சிட்னி கிராஸ்பி தங்கத்துக்கான கோலைப் போட்டபோது சிடிவி சேனலில் ஒலித்தது கத்பர்ட்டின் குரல்தான். அவருக்கு ஹாக்கியோடு கனடியக் கால்பந்தும் (அமெரிக்கக் கால்பந்து போன்றது, சாக்கர் அல்ல) கைவந்திருந்தது. ஒரே விளையாட்டை, ஒரே நிறுவனத்தை நம்பி இருக்காதீர்கள். எடிட்டிங்கும் தயாரிப்பும் கொஞ்சம் கற்றுவையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமை எந்த வருடம் முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். 2025இல் ராஜர்ஸ் போட்ட புதிய என்ஹெச்எல் ஒப்பந்தம் 2037-38 சீசன் வரை.